பூனைக்கு ஒரு கதவு

இனி எவனுக்கும் பயப்படுவதில்லை என்று எழுபத்து நாலாம் வருஷம் தைப்பொங்கலன்று காலையில் நான் ஒரு தீர்மானம் எடுத்தேன். ஊரில் அரிசி கிடையாது. மரவள்ளிக்கிழங்கை அவித்துச் சூரியனுக்குப் படைத்தோம். பதுளைச் சூரியனுக்கே அது பிடிக்கவில்லை, மேகத்துக்குள் போய்விட்டது.

அன்று சாயங்காலம் என் மைத்துனன் மகியங்கனைப் பக்கமிருந்து ஒரு லொறி பூசணிக்காயோடு வந்து இறங்கினான். பூசணிக்காய்க்கு அடியில் இரண்டு மூட்டை சம்பா அரிசி இருந்தது. என் தீர்மானம் அந்த மூட்டைகளுக்கு அடியில் நசுங்கிப் போனது.

இப்போதைய பிள்ளைகளுக்கு இது புரியாது. அந்தக் காலத்தில் ரோட்டுக்கு ரோடு மரத்தடுப்புப் போட்டு பஸ்ஸுக்குள் ஏறி அரிசி தேடுவார்கள். பையில் இரண்டு கொத்து அளவுக்கு மேல் அரிசி இருந்தால் கேஸ். நானோ பதிவுப் பிரஜை, பிறப்பால் அல்ல, காகிதத்தால் பிரஜையானவன். 'இரும்புக்கடை தங்கராஜா' என்றால் பசார் வீதியில் ஒரு மரியாதை உண்டு என்றாலும், அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர். என் பிரஜாவுரிமைப் பத்திரத்துக்குக் கண்ணாடி போட்டு, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, இரண்டுக்கும் சேர்த்தே ஊதுபத்தி காட்டுகிறவன் நான். மூட்டை பிடிபட்டால் முதலில் அந்தக் கண்ணாடியை உடைப்பார்கள், பிறகு என்னைத் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றுவார்கள் என்று நான் உறுதியாக நம்பினேன். திருச்சியில் எனக்கு ஒரு ஆளைக்கூடத் தெரியாது.

என் மனைவி புஷ்பத்துக்குப் பயம் என்பதே கிடையாது. கல்யாணத்தின்போது அவள் பங்கையும் சேர்த்து எனக்கே கொடுத்துவிட்டார்கள். அவளும் தம்பியுமாக மூட்டைகளைச் சமையலறைப் பரணில் ஏற்றினார்கள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நடுங்கினேன். ஏணியும் நடுங்கியது.

"நீங்க மேல ஏறிப் பாக்கவே வேணாங்க" என்றாள். "யாராச்சும் கேட்டா, நான் பாக்கலன்னு தைரியமாச் சொல்லலாம். பாத்தாத்தானே பொய் சொல்லணும்?"

எவ்வளவு நியாயமான பேச்சு. அன்று முதல் நான் பரண் பக்கம் தலை தூக்கவில்லை. அந்த அரிசியில் ஒரு மணிகூட உலையில் போடக்கூடாது என்றும் கட்டளை போட்டேன். சம்பா வெந்தால் தெருவே மணக்கும்; மணம் பிடித்துக்கொண்டு போலீஸ் வரும். ஆக மேலே இரண்டு மூட்டை அரிசி, கீழே மரவள்ளிக்கிழங்கு. நான் மெலிந்து, கழுத்துப் பட்டன் போட்ட பிறகும் சட்டைக்குள் இரண்டு விரல் விடலாம் என்ற நிலைக்கு வந்தேன். புஷ்பம் மட்டும் ரவிக்கைகளைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மரவள்ளி சிலருக்கு ஒத்துக்கொள்ளும் என்று சொன்னாள்.

என் பெரிய பயம் பரணில் இல்லை. பரணுக்கு அடுத்த பக்கத்தில் இருந்தது.

எங்கள் வீடு ஒரே தகரக்கூரையின் கீழ் இரண்டு வீடு. ஒன்றில் நாங்கள். மற்றதில் வாடகைக்கு ஸமீம் என்ற கிளாக்கரும் அவர் மனைவி நளீராவும். இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர். அப்பா கட்டும்போது சிக்கனம் பார்த்து அந்தச் சுவரை ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே நிறுத்திவிட்டார். அதற்கு மேல் கூரைவரை வெறும் இருட்டு. இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் ஆயுசு சொல்வார்கள். பரணோ அந்த நடுச்சுவரை ஒட்டியே இருந்தது.

ஸமீம் எந்தக் கந்தோரில் கிளாக்கர் என்று கேட்கிறீர்களா? கூப்பன் கந்தோரில். யாருக்கு எவ்வளவு அரிசி என்று கணக்குப் பார்க்கிற அதே கந்தோரில்.

ஒரு நாள் ஸமீம் கடைக்கு வந்தார். ஆணி வாங்கவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் நெருங்கி நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மொதலாளி, ஒரு உதவி. அந்த நடுச்செவரக் கூரை வரைக்கும் ஏத்தித் தந்தா நல்லம்."

"ஏன் ஸமீம்? இத்தன வருஷமா இப்படித்தானே இருக்கு?"

"இருந்திச்சித்தான். இப்ப காலம் சரியில்ல. அங்கிட்டு நடக்கிறது இங்கிட்டுத் தெரியுது. இங்கிட்டு நடக்கிறது அங்கிட்டுத் தெரியுது. அது ரெண்டு பேருக்குமே நல்லமில்ல. வெளங்குதுதானே?"

எனக்கு விளங்கியது. கால் இரண்டும் கடையிலேயே நின்றுவிட்டன. மீதி உடம்பு தலைமன்னார்வரை போய்த் திரும்பியது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினேன். அவர் முகம் ஏன் அப்படி வெளிறியிருந்தது என்று நான் கவனித்திருக்கலாம். வெளிறிய ஒருவனுக்கு அடுத்தவன் வெளிறியது எங்கே தெரிகிறது.

வீட்டுக்குப் போய் இதைப் புஷ்பத்திடம் சொல்வது எப்படி? பேசினால் கேட்கும். கையால் மூட்டை மாதிரி வட்டம் போட்டேன், சுவரைக் காட்டினேன், கழுத்தை அறுத்துக் காட்டினேன். வயிற்றுவலியா என்று உரத்த குரலில் கேட்டாள். மழைக்காகக் காத்திருந்தேன். தகரத்தில் மழை விழுந்தால் அருகில் இருப்பவர் பேசுவதே கேட்காது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு மழை பிடித்துக்கொண்டது. அவள் காதுக்குள் வாயை வைத்து எல்லாவற்றையும் கத்தினேன்.

சுவரை ஏற்றுவதா வேண்டாமா? ஏற்றினால் மேசன் வருவான், சாரம் கட்டுவான், மூட்டைக்கு முன்னால் நின்று செங்கல் வைப்பான். ஏற்றாவிட்டால் ஸமீம் கோபத்தில் கந்தோரில் ஒரு வார்த்தை போட்டுவிடுவார். ஏற்றினாலும் கப்பல், ஏற்றாவிட்டாலும் கப்பல். கடைசியில், வாடகைக்கு இருப்பவர் கேட்டதையெல்லாம் செய்து கொடுத்தால் நாளைக்கு மொட்டை மாடி கேட்பார், முடியாது என்று சொல்லிவிடப் போகிறேன் என்று வீட்டுக்காரன் தோரணையில் அறிவித்தேன்.

"சரிங்க, முடியாதுன்னே சொல்லிடுங்க" என்றாள் புஷ்பம்.

அவள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டால் அதற்குள் ஏதோ இருக்கும்.

"என்ன, சரிங்கிற?"

"ஆமாங்க. அவரு கந்தோர்ல ஒக்காந்து, இந்த மனுஷன் செவர ஏத்த ஏன் இவ்வளவு பயப்படுறாரு, மேல என்ன வச்சிருக்காருன்னு யோசிப்பாரு. யோசிக்கட்டும். யோசிக்கிறதுக்குத்தானே சம்பளம்."

மழை நிற்பதற்குள் நான் மனதை மாற்றிக்கொண்டேன்.

மேசன் வேண்டாம், பலகை போதும் என்று யோசனை சொன்னதும் அவள்தான். ஆசாரி சிவஞானம் தெரிந்த ஆள், அரை நாளில் முடித்துவிடுவார், தான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாள். பிறகு, போகிற போக்கில், பலகையில் சின்னதாக ஒரு கதவு வைக்க வேண்டும் என்றாள். எதற்கு என்று கேட்டேன். பூனை போய்வர. அந்தப் பக்கத்து எலி இந்தப் பக்கம் வந்தால் துரத்த வேண்டாமா?

நம் வீட்டில் பூனை இல்லையே என்றேன். இனி வளர்க்கலாம் என்றாள். அரிசிக்கு எலி வரும், எலிக்குப் பூனை வேண்டும், பூனைக்குக் கதவு வேண்டும். இதில் எங்கே ஓட்டை இருக்கிறது? கடையிலிருந்து நல்ல பித்தளைக் கீலாக இரண்டு நானே எடுத்து வந்து கொடுத்தேன்.

வேலை நடந்த நாளில் நான் கடையைப் பூட்டிவிட்டு வந்து ஏணியடியில் நின்றேன். மேலே பலகை அறைந்துகொண்டிருந்த சிவஞானம் திடீரென்று சுத்தியலை நிறுத்தினார்.

"தங்கச்சி, இதென்ன மூட்ட?"

என் இருதயமும் நின்றது. புஷ்பம் வெற்றிலை மடிக்கிற நிதானத்தோடு பதில் சொன்னாள்.

"உமிண்ணே. வெங்கலப் பாத்திரம் வெளக்க."

"ரெண்டு மூட்டையா?"

"எங்க வீட்டுல பாத்திரம் ஜாஸ்தி."

எங்கள் வீட்டில் இருந்தது ஒரு வெண்கலக் குத்துவிளக்கு. சிவஞானம் மூட்டை வாயைத் தளர்த்திக் கையை விட்டார். நான் கண்ணை மூடி, அறுபடை வீட்டையும் வரிசையாகக் கூப்பிட்டேன். நாலாவது வீட்டுக்குப் போவதற்குள் மேலிருந்து குரல் வந்தது: "ஓ, உமிதான். தள்ளி வச்சுக்கிறேன்."

அன்று என் மனைவியை நினைத்துப் பெருமையில் எனக்குக் கண் கலங்கியது. என்ன மூளை! அரிசிக்கு மேல் உமியைப் பரப்பி வைத்திருக்கிறாள். பொய் சொல்லும்போது குரலில் ஒரு சின்ன நடுக்கமாவது வர வேண்டுமே? உண்மையைச் சொல்கிறவள் மாதிரியே நின்றாள்.

சுவர் எழும்பியது. வீட்டுக்குள் முதல் தடவையாக வாய்விட்டுப் பேசினோம். பேச ஒன்றுமில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஸமீம் ரோட்டில் என்னைக் கண்டு சிரித்தார். நான் இரண்டு மடங்காகச் சிரித்தேன். ஒரு வாரம் போயிற்று. யாரும் கண்ணாடியை உடைக்கவில்லை, கப்பலும் வரவில்லை. மெல்ல மெல்ல எனக்குள் ஒரு ஆம்பிளை எழுந்து உட்கார்ந்தான்.

ஒரு நாள் மத்தியானம், கடையில் காய்ந்த பாண் ரொட்டியைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஞானம் பிறந்தது. இனி எதற்குப் பயம்? சுவர் இருக்கிறது. வாசம் தாண்டாது. இன்றைக்கு வீட்டில் சோறு. நானே மேலே ஏறி, நானே அள்ளி வந்து, புஷ்பம் அசந்து போகிற மாதிரி உலைக்குப் பக்கத்தில் வைக்கப் போகிறேன். பாணைக் கடைவாசல் நாய்க்குப் போட்டேன். அதுகூட யோசித்துத்தான் தின்றது.

வீட்டில் புஷ்பம் பின்பக்கம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல் ஏணி வைத்து ஏறினேன். நடுங்கவில்லை. முதல் மூட்டையின் வாயைப் பிரித்துக் கையை விட்டேன். உமி. நல்லது, மேலே பரப்பியதுதானே. முழங்கைவரை விட்டேன். உமி. தோள்பட்டைவரை விட்டேன். உமி. இரண்டாவது மூட்டையைத் தலைகீழாகவே கவிழ்த்தேன். மூக்கு, கண், வாய் எல்லாம் உமி. அடியில் பூனைக்குப் போடவும் ஒரு மணி அரிசி இல்லை.

அந்த நேரத்தில் பலகையில் 'டக்' என்று சத்தம் கேட்டது. என் கடைப் பித்தளைக் கீல் முனகாமல் திரும்பியது. பூனைக்கதவு திறந்தது. உள்ளே வந்தது பூனை இல்லை. கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை. கையில் ஒரு பீங்கான் தட்டு. தட்டில் ஆவி பறக்கச் சம்பாச் சோறு, பருப்பு, ஒரு துண்டுக் கருவாடு.

"அக்கா, சூட்டோட தின்னுங்க" என்றது நளீராவின் குரல். "ஒங்க அரிசி இத்தோட முடிஞ்சிச்சி. தம்பிக்கிட்டச் சொல்லி இன்னம் ரெண்டு மூட்ட எடுத்துத் தாங்களே. எங்கட மனுஷன் இப்பதான் நிம்மதியாத் தின்றார். எங்க உம்மா வீட்டு அரிசியெண்டுதான் அவருக்குச் சொல்லி வச்சிருக்கேன். செவரு இல்லாத நாளையில, சோத்து வாசம் மொதலாளிக்குப் போயிட்டா கந்தோருக்கு எழுதிப் போட்டுருவாரெண்டு அவருக்கு ஒரே பயம்."

கை தட்டை வைத்துவிட்டுப் போனது. கதவு மூடியது.

நான் உமிக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். இத்தனை மாதம் எவனைக் கண்டு நடுங்கினேனோ அவன் என் அரிசியைத் தின்றுகொண்டு என்னைக் கண்டு நடுங்கியிருக்கிறான். நடுங்காத இரண்டு பேர் நடுவில் பானை வைத்துப் பொங்கியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. கீழே இறங்கிக் குடும்பத்தை இரண்டாக்கிவிடுவது என்றே முடிவு செய்தேன். ஆனால் சோறு ஆறிக்கொண்டிருந்தது. சோறென்று பொங்கலுக்கு முன்னால் சாப்பிட்டதுதான். முதல் கவளத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அது உமியினால் அல்ல. கோபத்தைக் கடைசிக் கவளத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

தட்டை வழித்துக்கொண்டிருக்கும்போது கீழே ஏணியடியில் புஷ்பத்தின் குரல்.

"என்னங்க, மேலயா இருக்கீங்க? மூட்டையெல்லாம் பத்திரமா இருக்கா?"

வாய் நிறையச் சோறு. "ம்" என்றேன்.

"சரி. தட்ட மறக்காம பூனக்கதவு வழியாக் குடுத்துட்டு எறங்குங்க. அது நளீராவோடது."