மாமனாரின் சளி மாத்திரையும் வளைந்துபோன ரோடும்

புது மாப்பிள்ளைக்குக் கண் உண்டு, காது உண்டு. மாமனார் ஓட்டும் காரில் ஏறிவிட்டால் வாய் மட்டும் இருக்காது. எனக்கு அன்று மூளையும் இல்லை.

ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் எல்லை பிரித்த புதிது. மச்சினியின் நிச்சயதார்த்தத்துக்காக நகரியிலிருந்து திருப்பதிக்குக் கிளம்பினோம். மாமனாருக்கு அறுபத்தெட்டு வயது. கண்ணில் புரை, மூக்கில் அருவி. சளிக்கு மாத்திரை கொடுத்த டாக்டர், "தூக்கம் வரும். ராத்திரி ஒண்ணு போடுங்க, வண்டி மட்டும் ஓட்டாதீங்க" என்று சொல்லியிருந்தார். மாமனார் காலையிலேயே இரண்டு விழுங்கினார். (ஒன்று என்பது சாதாரண மனிதர்களுக்காம்.)

"ஒரு டிரைவரைக் கூப்ட்டுக்கலாமே" என்றார் அத்தை.

"வெள்ளக்காரன் காலத்துலேந்து ஓட்டிக்கினு கீறேன். மாத்திரை என்னை இன்னா பண்ணும்? இன்னா மாப்ள?"

"அதானே, மாமா!" என்றேன். படித்த வாத்தியார் நான்.

ஊர் தாண்டியதும் அவர் பேச்சு நின்றது. இமைகள் மெல்ல இறங்கின. திருப்பதிக்கல்லவா போகிறோம், பெருமாளை நினைத்து உருகுகிறார் என்று நம்பினேன். குறட்டை வந்த பிறகுதான் சந்தேகம் தட்டியது. அப்போதும், பெரியவர் கையிலிருக்கும் ஸ்டியரிங்கைத் தொடுவது மரியாதையா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"யோவ்! நைனா தூங்கறாரு! ஸ்டீரிங்கப் புடிய்யா!" பின் சீட்டிலிருந்து என் மனைவி அலறினாள். (அதுவரை என்னை 'ஏங்க' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.)

பிடித்தேன். வளைவில் ரோடு ஒரு பக்கம் போக, நாங்கள் இன்னொரு பக்கமாக நாற்றங்காலில் இறங்கினோம். நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வரப்பில் தாவி ஏறியதால் பிழைத்தார்கள். நிச்சயப் புடவை சேற்றில் கிடந்தது.

மாமனார் கண் திறந்தார். "திருப்பதி வந்துட்ச்சா?"

கூட்டம் கூடிவிட்டது. போலீஸ்காரர் ஒருவர், "எவரய்யா டிரைவரு?" என்று தெலுங்கில் அதட்டினார். மாமனார் முழங்கால் சேற்றில் கம்பீரமாக நின்று சொன்னார்:

"போன மாசம் இந்த ரோடு நேராத்தான் இருந்துச்சு. எல்லை பிரிச்சப்போ வளைச்சுட்டானுங்க!"

கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். போலீஸ்காரரே ஒருமுறை ரோட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"வாத்தியாரக் கேளு" என்று மாமனார் என்னைக் கைகாட்டினார்.

"நேரா... இருந்த மாதிரிதான் ஞாபகம்" என்றேன்.

அத்தை சேற்றில் நடந்துபோய், அந்தப் பெண்கள் முன் கைகூப்பினார். பிறகு காருக்கு வந்து சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டார். மாமனார் அன்றிலிருந்து கடைசிவரை பின் சீட்டில்தான் பயணம் செய்தார்.

இப்போது அவர் வயது எனக்கு. பிரஷருக்கு ஒரு மாத்திரை, தூக்கத்துக்கு ஒன்று. ஸ்கூட்டரை எடுக்கப் போனால், பேரப்பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்க என் மனைவி சொல்கிறாள்:

"செத்த இரு. ரோடு இன்னிக்கி எந்தப் பக்கம் வளைஞ்சிக்கினு கீதுன்னு பாத்துட்டு வரேன்."