பதினொரு கதவுக்கும் ஒரே சதீஸ்குமார்

மடுல்சீமை
12.01.2021

அன்புள்ள மச்சான் கிருஷ்ணராஜுக்கு,

எழுத்து மேடும் பள்ளமுமாக இருப்பதற்கு முதலில் மன்னிக்கவும். கோயில் மண்டபத்து முதியோர் வகுப்பில் எழுதப் பழகி ஐந்து மாதம்தான் ஆகிறது. குளிரில் விரலும் மடங்குவதில்லை. இதுவரை எழுதவே அரை நாள் போய்விட்டது. நானும் உங்கள் அக்கா பூவம்மாவும் நலம். பெரகலையில் நீங்களும் கடையும் நலமாயிருக்க மாரியம்மாளை வேண்டுகிறேன்.

ஊரடங்கு, வெளியே வராதீர்கள் என்று ஒலிபெருக்கி கத்துகிறது. கங்காணி கஜேந்திரனோ, "அது டவுன்காரங்களுக்கு. தேயிலைக் கொழுந்துக்கு ஊரடங்கு தெரியுமா? பெரட்டுக்கு வாங்க" என்று விடியலிலேயே வேலைக்குப் பெயர் கூப்பிடுகிறார். உங்கள் அக்காவுக்கு முழங்கால் வீங்கி நடக்க முடியவில்லை. லீவு கேட்டால், "வீக்கம் தொத்துமா? தொத்துற நோய்க்குத்தான் லீவு" என்கிறார்.

அந்த நேரம் கொழும்பிலிருந்து வந்த சதீஸ்குமாரின் கதவில் தனிமைப்படுத்தல் நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்த வீட்டை யாரும் பெரட்டுக்குக் கூப்பிடவில்லை. எழுதிப் பழகலாமே என்று அதை ஓர் எழுத்து விடாமல் பார்த்து எழுதினேன். இரண்டு நாள் பிடித்தது. அத்தனை அழகு மச்சான், பெட்டியில் வைக்க மனம் வராமல் எங்கள் கதவில் ஒட்டினேன். கங்காணி பத்தடி தள்ளி நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார்.

மறுநாள் பக்கத்து வீட்டு விஜயலெட்சுமி, "மாமா, எனக்கும் ஒன்னு, கொஞ்சம் பெருசா" என்றாள். கை பழகிவிட்டதால் ஒரு கிழமையில் லயத்து வரிசை வீடுகளில் மற்றப் பதினொரு கதவிலும் என் எழுத்துதான். பிறகு பார்க்க வேண்டுமே! பழைய சுவெட்டரைப் பிரித்துத் தொப்பி பின்னுகிறார்கள், கெரம் போர்டு ஆடுகிறார்கள். அக்கா கிழிந்த சேலைகளைத் திரித்து மயில் போட்ட கால்மிதி பின்னினாள். கோழி போலிருக்கிறது, நான் சொல்லவில்லை. வெயில் ஏறிய பிறகு அவள் அடுப்படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பதை முப்பத்தைந்து வருடத்தில் இப்போதுதான் பார்த்தேன்.

நேற்று சுகாதாரப் பரிசோதகர் ஷப்ராஸ் வந்துவிட்டார். கதவு கதவாக வாசித்தவர், "பதினொரு வீட்டுக்கும் குடும்பத் தலைவர் சதீஸ்குமாரா?" என்றார். நான் அந்தப் பெயரையும் பார்த்து எழுதியிருக்கிறேன். உள்ளேயிருந்து அக்கா, "சாமி சத்தியமா அந்தப் பயலுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க!" என்றாள். சதீஸ்குமாரின் பெண்சாதி பாக்கியலெட்சுமி ஜன்னல் வழியே, "ஒரு குடும்பத்துக்கே அரிசி வாங்க வக்கில்ல, உனக்குப் பன்னெண்டு கேக்குதா!" என்று அவனைப் பிடித்துக்கொண்டாள்.

பரிசோதகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சதீஸ்குமாரின் கதவு நோட்டீஸை வாசிக்க எத்தனை பேர் நெருங்கி நின்றோம் என்று கேட்டார். லயமே நின்றது என்று உள்ளதைச் சொன்னோம். எல்லோருக்கும் பதினான்கு நாள் என்று அச்சடித்த நோட்டீஸே ஒட்டிவிட்டார்! முழங்காலுக்கு அரசாங்கமே லீவு கொடுத்துவிட்டது மச்சான்.

உங்கள் வீட்டில் அடுப்பும் சிரிப்பும் அணையாதிருக்கட்டும். அடுத்த கிழமையும் எழுதுவேன். இதை வாசித்து முடிக்க உங்களுக்கும் அதுவரை ஆகும்.

இப்படிக்கு,
தம்பையா

பி.கு.: இதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் நலம் என்று எழுதியது பொய்யாம். சவர்க்கார உறை, மாவுப் பை, மருந்துச் சீட்டு என்று காலையிலிருந்து நான் வாசித்துக் காட்டுகிறேனாம். "முழங்கால் வலியத் தாங்கிருவேன், இந்த மனுசன் வாசிக்கிறதத் தாங்க முடியல" என்கிறாள். இப்போது ஜன்னலைத் திறந்து, "கங்காணி ஐயா! நாளைக்குப் பெரட்டுல எம் பேரக் கூப்பிடுங்க!" என்று கத்துகிறாள். அவர் மலை இறங்கி ஓடிக்கொண்டிருக்கிறார்.