சாரைக்கு அட்மிஷன் கொடுத்த வார்டனம்மா

பாம்பைக் கண்டு மனிதன் பயப்படுவான், மனிதனைக் கண்டு பாம்பு பயப்படும் என்று படித்திருக்கிறோம். இந்த இரண்டு தரப்பும் ஒன்றாகச் சேர்ந்து பயந்த ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, கொடைக்கானல் வார்டனம்மாதான்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். தபால்காரர்கூட உறையில் இருப்பதைப் படிக்காமல் "வார்டனம்மா, லெட்டர்" என்றுதான் கூப்பிடுவார். முப்பது வருடம் பெண்கள் விடுதி ஒன்றில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். விடுதி அவரை விட்டுவிட்டது, அவர் விடுதியை விடுவதாக இல்லை. மேய்ப்பதற்குப் பெண்பிள்ளைகள் இல்லாமல் போனதும், வீட்டுத் தோட்டத்தில் யார் இருந்தார்களோ அவர்களை வைத்து நிர்வாகத்தைத் தொடர்ந்தார். இருந்தவர்கள் பாம்புகள். அப்புறம் நான்.

நான் மதுரையிலிருந்து அலுவலக மாற்றலில் போனவன். பாம்பு என்று எழுதியிருந்தாலே காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்கிற ரகம். வீடு காட்டிய தரகரிடம் முதலில் கேட்டதே அதைத்தான்.

"கொடைக்கானல்ல பாம்பா? இந்தக் குளிருக்கு அது விறைச்சே செத்துப்போகும் சார்!"

டூரிஸ்டுகளிடம் சொல்லிச் சொல்லி அவரே நம்ப ஆரம்பித்துவிட்ட வசனம் அது. நானும் நம்பி, வார்டனம்மா வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் குடியேறினேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே, நல்ல பெயர் வாங்கலாம் என்று கேரட் பாத்தியைக் கொத்திக் கொடுக்கப் போனேன். மூன்றாவது கொத்தில் மண்ணுக்குள்ளிருந்து கறுப்பாக, பளபளவென்று ஒன்று நெளிந்தது. ஒரு முழம்கூட இருக்காது. துணி துவைக்கும் கல்லின்மேல் எப்போது ஏறினேன் என்று தெரியாது, ஏறியிருந்தேன். அங்கிருந்தபடி அதன் தலையையே உற்றுப் பார்த்தேன். சொரசொரவென்று, நுனியை யாரோ சீவி எடுத்த மாதிரி இருந்தது. கண்ணைக் காணோம். பார்வையை எடுத்தால் பாய்ந்துவிடும் என்று இமைக்காமல் நின்றேன்.

வார்டனம்மா காபி டம்ளருடன் வந்தார். என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, நீ முறைச்சுக்கிட்டு நிக்கிறது வாலை. தலை அந்தப் பக்கமா மண்ணுக்குள்ள போயி ரொம்ப நேரமாச்சு."

"கடிக்காதாம்மா?"

"மண்புழு திங்கிற பிள்ளை அது. ஃபர்ஸ்ட் இயர். வாயைத் தொறக்கவே தெரியாது. இதை ரெட்டைத்தலைப் பாம்புன்னு சொல்லி மம்பட்டியால போடுறானுக பாவிக. உனக்குக் கல்லு மேல என்ன சோலி? எறங்கி மண்ணை மூடு, அதுக்குக் குளிரும்ல?"

இறங்கினேன். பாம்புக்குக் குளிருமே என்று போர்த்திவிட்ட முதல் மதுரைக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

அதன்பிறகுதான் அந்த வீட்டின் சட்டதிட்டங்கள் புரிந்தன. மண்ணுக்குள் இருப்பவர்கள் ஃபர்ஸ்ட் இயர். சமையலறைச் சாக்கடையோரம் தவளைக்காகக் காத்திருக்கும் பச்சைப் பாம்பு மெஸ் செகரட்டரி. விறகுக் கொட்டகையில் ஆறடி நீளத்துக்கு ஒரு சாரை. எலி பிடிப்பதால் அதற்குத் தனி மரியாதை, ஹெட் கேர்ள் பதவி. ஆனால் கோபம் வந்தால் "ஏலே" என்றுதான் கூப்பிடுவார். விரியனுக்கு மட்டும் அட்மிஷன் கிடையாது. ஒருமுறை வேலியோரம் ஒன்று தலைகாட்டியபோது, வனத்துறைக்குப் போன் போட்டு, ஆள் வரும்வரை பத்தடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதற்குப் புத்திமதி சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கம்போடு ஒரு சுற்று வருவார். விறகைத் தட்டுவார், கல் கட்டைத் தட்டுவார். "எல்லாரும் உள்ள போயாச்சா?" கடைசியாக என் கதவையும் அதே கம்பால் தட்டுவார். நான் "உள்ளதாம்மா இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். பாம்புகளிடம் அவர் பதில் எதிர்பார்க்கவில்லை, அந்தச் சலுகை எனக்கு இல்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் பொறுமை போனது குளியலறை விஷயத்தில். தோட்டத்தைத் தாண்டித்தான் குளியலறை. ஒரு திங்கட்கிழமை துண்டும் சோப்புமாகப் போகிறேன், வாசற்படியில் ஹெட் கேர்ள் நீட்டி நிமிர்ந்து வெயில் காய்ந்துகொண்டிருக்கிறாள்.

"வார்டனம்மா! படியில கெடக்கு!"

"நாலு நாளா மேகம் எறங்கி வெயிலே இல்லை தம்பி. இன்னைக்குத்தான் அதுக்கு ஒடம்பு சூடாகுது. ஒரு பத்து நிமிஷம் கழிச்சுக் குளி."

"எனக்கு ஆபீஸ் இருக்கும்மா!"

"வெள்ளனே எந்திரிச்சிருக்கணும்" என்றவர், பாம்பின் பக்கம் திரும்பி, "ஏலே, தம்பிக்கு ஆபீஸாம். நீயும் வெரசா காஞ்சிட்டு எந்திரி" என்று ஒரு நடுநிலையான தீர்ப்பு சொன்னார்.

முக்கால் மணி நேரம் துண்டோடு நின்றேன். குளிரில் பல் தந்தியடித்தது. ஆத்திரம் தாங்காமல் அந்தக் காட்சியைச் செல்போனில் வீடியோ எடுத்தேன். குளிக்காமல் ஆபீஸ் போய், சென்னையிலிருந்த அவருடைய மகனுக்கு அதை அனுப்பிவைத்தேன். 'உங்கள் அம்மாவின் பாதுகாப்பை முன்னிட்டு' என்று கீழே ஒரு வரி வேறு. யோக்கியன்!

அடுத்த வெள்ளிக்கிழமையே மகன் வந்து இறங்கினார், கையில் அளவெடுக்கும் டேப்போடு. தோட்டம் முழுக்க கான்கிரீட் போட்டு டூரிஸ்ட் கார்களுக்குப் பார்க்கிங் ஆக்குவது, அம்மாவைச் சென்னையில் தன் அடுக்குமாடி வீட்டுக்குக் கூட்டிப்போவது என்று திட்டம்.

"ஏழாவது மாடிம்மா. பாம்பு லிஃப்ட்ல வராது."

கெட்ட மகன் இல்லை. உண்மையிலேயே பயந்துபோயிருந்தார். கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார். ஞாயிறு காலைவரை இருப்பார். அதற்குள் ஒரே ஒரு பாம்பு அவர் கண்ணில் பட்டாலும் அம்மா சென்னைக்குக் கிளம்பிவிட வேண்டும். படாவிட்டால் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்.

வார்டனம்மா சரியென்று தலையாட்டினார். அவர் எதிர்த்துப் பேசாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அன்று சாயங்காலம் கேரட் பாத்தியோரம் நின்றுகொண்டிருந்தார். கையில் கம்பு இல்லை.

"முப்பது வருஷம் அடுத்தவங்க கட்டடத்துல, அடுத்தவங்க பிள்ளைகளோட இருந்தேன் தம்பி. ரிடையர் ஆனப்புறம்தான் எனக்குன்னு ஒரு கதவு, ஒரு சாவி. அதையும் குடுத்துட்டு வரணுமாம்."

எனக்கு அவமானமாக இருந்தது.

சனிக்கிழமை கடவுள் எங்கள் பக்கம் இருந்தார். மேகம் இறங்கி, பத்தடி தூரத்தில் இருந்த பேரிக்காய் மரமே தெரியவில்லை. அந்தக் குளிரில் எந்தப் பாம்பும் வெளியே வராது. மகன் குடையோடு விறகுக் கொட்டகைவரை போய் வெறுங்கையோடு திரும்பினார். ஞாயிறு காலை சர்ச் ஆராதனை முடிந்ததும் பதினொன்றரைக்கு டாக்ஸி சொல்லியிருந்தார். பதினொன்றுக்குப் பளீரென்று வெயில் அடித்தது.

மகன் பெட்டி எடுக்க உள்ளே போயிருந்தார். நான் வாசலில் நிற்கிறேன். கொட்டகைக்குள்ளிருந்து சாரை நிதானமாக வெளியே வந்து, முற்றத்தில் போட்டிருந்த நாற்காலிகளுக்கு நடுவே வெயில் பார்த்து சௌகரியமாகச் சுருண்டது.

அடுத்து நான் செய்ததை இன்றைக்கும் என் வீட்டில் யாரும் நம்புவதில்லை. பேரிக்காய் பறிக்கிற பெரிய மூங்கில் கூடையை எடுத்து அதன்மேல் கவிழ்த்தேன். கூடை ஓர் அங்குலம் எழும்பியது. வேறு வழி தெரியாமல் அதன்மேல் உட்கார்ந்தேன்.

பெட்டியோடு மகன் வந்தார். "என்ன பிரதர், சேர் இருக்கே?"

"இடுப்பு வலி. இதுதான் தோதா இருக்கு."

"அந்த வீடியோல இருந்த பாம்பு எங்க பிரதர்? ரெண்டு நாளா தேடுறேன்."

"அதுவா! பாச்சலூர்ல ஃப்ரெண்டு தோட்டத்துல எடுத்தது. மாத்தி உங்களுக்கு அனுப்பிட்டேன்."

"அதுல எங்க அம்மா குரல் கேட்டுச்சே?"

"பாச்சலூர்லயும் ஒரு வார்டனம்மா இருக்காங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை அதிகம் இல்லை.

அப்போது வெளியே வந்த வார்டனம்மா என்னைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். கூடைக்கு வெளியே சாண் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்த வாலைப் பார்த்தார். நான் என் மப்ளரை அவிழ்த்து வாலின்மேல் போட்டேன்.

"கெளம்புறதுக்கு முன்ன ஜெபம் பண்ணிருவோம். கண்ணை மூடு" என்றார் மகனிடம்.

அந்த வீட்டில் யாரும் ஜெபம் பண்ணாமல் படியிறங்கியதில்லை. வழக்கமாக இரண்டு நிமிடத்தில் முடியும். அன்றைக்கு மலைப்பாதையின் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் தனித்தனியாக வேண்டினார். டாக்ஸி டிரைவரின் தூக்கத்துக்கு, பிரேக்குக்கு, டயர்கள் நான்குக்கும், மாற்று டயருக்கும் வேண்டினார். கூடை எனக்குக் கீழே இடப்பக்கம் எழும்பியது, பிறகு வலப்பக்கம். எனக்கு வியர்த்தது, கொடைக்கானலில்.

"ஆண்டவரே, இந்தத் தம்பியையும் நெனைச்சருளும். அவருக்கு அசையாத மனசைத் தாரும். அசையாத இடுப்பையும் தாரும்."

"ஆமென்" என்றேன் சத்தமாக. அவர் முடிக்கவில்லை. மருமகள், பேத்தி, பேத்தியின் கணக்குப் பரீட்சை என்று போய்க்கொண்டே இருந்தது. டாக்ஸிக்காரர் மூன்றாவது தடவை ஹாரன் அடித்த பிறகுதான் ஆமென் வந்தது. மகன் அம்மாவைக் கட்டிக்கொண்டார். "சரிம்மா, இங்கயே இருங்க. பாத்து இருங்க" என்று சொல்லிவிட்டு ஏறிப்போனார்.

வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் நான் குதித்து இறங்கினேன். வார்டனம்மா கூடையைத் தூக்க, சாரை இரண்டு பேரையும் சட்டை செய்யாமல் கொட்டகைக்குள் போனது.

"என்னம்மா, இவ்வளவு நீளமா ஜெபம்? என் உயிரே போயிருச்சு!"

"பயணத்துக்கு ரெண்டு நிமிஷந்தான் தம்பி" என்றார், கூடையைத் தட்டிக்கொண்டே. "மிச்சம் வீடியோ அனுப்புனதுக்கு."

நான் மதுரைக்கு மாற்றல் கேட்பதை விட்டு நான்கு வருடமாகிறது. குளிர் ஒத்துக்கொண்டது என்று ஆபீஸில் சொல்லிவைத்திருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் அவருடைய மகன் எனக்குப் போன் செய்கிறார். "பிரதர், தோட்டத்துல ஏதாவது கண்ணுல பட்டுச்சா?" அவர் தமிழ் வார இதழ் படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். கேரட் நன்றாக வந்திருக்கிறது, ரோஜா பூத்திருக்கிறது, வேறொன்றும் இல்லை என்று சொல்வேன். அந்த அம்மா அந்த வீட்டில் இருக்கும்வரை இந்தப் பொய்யை நிறுத்துவதாக இல்லை.