சொல்லியடி வெளியே அடித்த ஒரே பந்து

உலகத்திலேயே பொய் சொல்லாமல் கால்பந்து ஆடிய ஒரே மனிதர் எங்கள் தோட்டத்துச் சொல்லியடிதான். மற்றவர்கள் எல்லாம் இடது பக்கம் பார்த்துக்கொண்டே வலது பக்கம் உதைக்கிறவர்கள். எத்தனை கோப்பை வாங்கினாலும் என் கணக்கில் அவர்கள் ஏமாற்றுக்காரர்கள்தான். சொல்லியடி கோலுக்கு முன்னால் வந்ததும் பந்தைக் காலால் அமுக்கி நிறுத்துவார். கோல்கீப்பரைப் பார்த்து மரியாதையாக, "தம்பி, ஒன் எடது கைப்பக்கம், தரையோட வருது. ரெடியா இருந்துக்க" என்பார். சொன்ன இடத்துக்கே அடிப்பார். பிடிக்க முடியாது.

நம்பாதவர்களுக்காகச் சொல்கிறேன், அந்தக் கோல்கீப்பர் நான்தான். ஆட்டம் பழகும்போது தினமும் எனக்கு இந்தச் சிறப்பு உண்டு. பந்து எங்கே வரும் என்று தெரியாமல் கோட்டைவிட்டால் மனதுக்கு ஒரு சமாதானம் இருக்கும். முகவரி சொல்லிவிட்டு வருகிற பந்தை விட்டவனுக்கு என்ன சமாதானம்?

போன மாதம் கேமரன் மலையில், ரிங்லெட்டில், மகன் வீட்டில், அவர் காலமானார். "யாரு அந்தத் தாத்தா? இவ்ளோ கூட்டம்?" என்று ஒரு பையன் கேட்டான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். தோட்டத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. அவர் மனைவி அஞ்சலை அக்காவே, "இந்தா, சொல்லியடி! சோறு ஆறுது!" என்றுதான் கூப்பிடுவார். வேலை, கவாத்து. அதாவது தேயிலைச் செடிகளின் தலையை மட்டமாக வெட்டிவிடுவது. வெட்டுவதற்கு முன் செடியிடம் குனிந்து, "வெட்டப்போறேன், பொறுத்துக்க" என்று சொல்லிவிட்டுத்தான் கத்தியை ஓங்குவார். ஒரு தீபாவளிக்குக் கோழியிடமும் அப்படியே சொன்னார். கோழி என்னைவிடக் கெட்டிக்காரி. சொன்ன மறுநிமிஷம் தேயிலைக்குள் பாய்ந்துவிட்டது. அந்தத் தீபாவளிக்கு அவர் வீட்டில் பருப்புக் குழம்பு.

அஞ்சலை அக்காவைக் கல்யாணம் செய்ததும் இதே முறையில்தான். பெண் கொடுக்க மாட்டேன் என்று அக்காவின் அப்பா ஒரே பிடியாக நின்றார். சொல்லியடி நேராக அவரிடமே போனார்.

"மாமா, நாளைக்குச் சாயங்காலம் ஒங்க மகளக் கூட்டிக்கிட்டு ஓடப்போறேன். பின்வாசல் வழியா."

"என்னாடா இது, திமிரா?"

"இல்ல மாமா. அப்புறம் சொல்லலன்னு வருத்தப்படக் கூடாதில்ல?"

இவ்வளவு தைரியமாகச் சொல்கிறவன் நிச்சயம் முன்வாசல் வழியாகத்தான் வருவான் என்று மாமனார் கணக்குப் போட்டார். அண்ணன் தம்பிகளோடு முன்வாசலில் தடியுடன் காவல் நின்றார். பின்வாசல் வழியாகச் சீப்பு, கண்ணாடி, ஒரு கம்பளி சகிதம் அக்கா நிதானமாக நடந்து போனார்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை போட்டது போட்டபடி மலையிறங்கி ஓடிவிட்டார். அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. வேட்டி போய்ச் சாக்குத்துணி வந்தது. ஜப்பானியச் சிப்பாய் எதிரே வந்தால் இடுப்பை வளைத்துக் கும்பிட வேண்டும். வளைவு போதவில்லை என்றால் அறை விழும். மலையேறி வந்த செய்திகள் அதைவிடப் பயங்கரம். சியாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்களாம். டவுனில் இலவசமாகப் படம் காட்டுவதாகச் சொல்லிக் கூட்டம் சேர்த்து, கதவைச் சாத்தி, அப்படியே லோரியில் ஏற்றினார்களாம். போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

துரை விட்டுப்போன பொருள்களில் எங்களுக்கு உபயோகப்பட்டது ஒரு தோல் பந்து மட்டும்தான். ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு, கடைசியில் ஒட்டுகள் மட்டுமே மிச்சம் இருந்த பந்து. மரவள்ளியைத் தின்றுவிட்டு அதைத்தான் உதைத்துக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் எங்கள் பெரிய கிராணி வேர்த்து விறுவிறுத்து நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வந்தார். தோட்டத்து ஆபீஸ் கணக்கெல்லாம் பார்த்த மனிதர். இப்போது ஜப்பானியக் கெப்டனுக்கு மொழிபெயர்ப்பாளர். அவருக்குத் தெரிந்த ஜப்பான் மொழி ஒரு கைப்பிடி. மீதியைக் கும்பிட்டே சமாளிப்பார்.

"ஞாயித்துக்கெழம கெப்டன் டீமோட நீங்க ஆடணுமாம். தோட்டத்து ஆம்பளைங்க ஒருத்தர் விடாம வேடிக்கை பாக்க வரணுமாம். டேய், சொல்லியடி, கேட்டுக்க. கெப்டன்தான் அவங்க கோல்கீப்பர். நாம தோத்துரணும். புரியுதா?"

"தோக்கறது எப்படிங்கய்யா? எனக்குப் பழக்கமில்லியே."

"சொல்லாமயாவது அடிச்சுத் தொலையேன்!"

"அது தப்புங்கய்யா."

ஞாயிற்றுக்கிழமை பேக்டரிக்குப் பக்கத்துத் திடலில் தோட்டமே நின்றது. கெப்டன் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு கோலுக்குள் நின்றார். அவர்கள் பூட்ஸ் கால், நாங்கள் வெறுங்கால். நான் எங்கள் கோலில் கும்பிட்டபடியே நின்றேன்.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் சொல்லியடி இரண்டு சிப்பாய்களைத் தாண்டி, கெப்டனுக்கு முன்னால் வந்து, வழக்கம்போல் பந்தை அமுக்கி நிறுத்தினார்.

"கிராணி ஐயா! அவருக்குத் தமிழ் தெரியாதில்ல? எடது பக்கம், இடுப்பு உசரம்னு சொல்லுங்க."

கிராணி கெப்டனுக்கு ஒரு கும்பிடு மட்டும் போட்டுப் பார்த்தார். ஆட்டம் அப்படியே நின்றது. அவர் சொல்லாமல் இவர் அடிக்க மாட்டார். கடைசியில் கிராணி சொன்னார். கெப்டன் சிரித்தார். அஞ்சலை அக்காவின் அப்பா மாதிரியே கணக்குப் போட்டு வலது பக்கம் பாய்ந்தார். பந்து இடது பக்கம், இடுப்பு உயரத்தில் போனது.

கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் கூட்டம் கையைத் தூக்கியபடி நின்றது. இரண்டாவது தடவை, "அதே எடம்னு சொல்லுங்கய்யா" என்றார். ஒரே இடத்தில் யாராவது இரண்டு தடவை அடிப்பார்களா? கெப்டன் மறுபடியும் வலது பக்கம் பாய்ந்தார். மூன்றாவது தடவைதான் மனிதருக்குப் புத்தி வந்தது. சொன்னதை அப்படியே நம்பினார். பாய்ந்தார். இரண்டு கையாலும் பந்தைப் பிடித்துவிட்டார்! சொல்லியடி துள்ளிக் குதித்துக் கைதட்டினார். "புடிச்சுட்டான்டா! இத்தன வருசமா நம்ம பய ஒருத்தன்கூட புடிக்கலடா!" என்று என் பக்கம் திரும்பிக் கத்தினார். எதிரியைப் பாராட்டுவதில் எனக்கும் ஒரு குத்து.

பாதி ஆட்டம் முடிந்தது. அஞ்சலை அக்கா சர்க்கரை இல்லாத தேநீர் வாளியோடு எங்களிடம் வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"பேக்டரி கொட்டாய்க்குப் பின்னால லோரி நிக்குது. வரிசையா. உள்ள கயிறும் மம்முட்டியுமா கெடக்குது. டிரைவர் மலாய்க்காரரு, என்னப் பாத்ததும் மெதுவா 'சியாம்'னாரு. ஆட்டம் முடிஞ்சதும் ஏத்தப்போறாங்க."

திடலைச் சுற்றிச் சிப்பாய்கள். ஒரே ஒரு பக்கம்தான் ஆள் இல்லை. மறுபாதியில் கெப்டன் நிற்கப்போகிற கோலுக்குப் பின்னால், செங்குத்தாக இறங்குகிற தேயிலைப் பள்ளம். அதற்குக் கீழே காடு. சொல்லியடி அந்தப் பக்கத்தையே பார்த்தபடி தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு, "நல்ல தேத்தண்ணி, அஞ்சல" என்றார்.

மறுபாதி தொடங்கியதும் பந்தை வாங்கிக்கொண்டு நேராகக் கெப்டன் முன்னால் போய் நிறுத்தினார். இந்தத் தடவை ஊருக்கே கேட்கிற குரல்.

"கிராணி ஐயா! எல்லாரும் கேட்டுக்கங்க! பந்து கம்பத்துக்கு மேல போயி பள்ளத்துல விழப்போவுது. ஆம்பள அத்தன பேரும் தேடப் போங்க. தேடிக்கிட்டே இருங்க. கெடச்சாலும் எடுத்துக்கிட்டு வராதீங்க. தண்டவாளம் போடற ஊருக்கு வண்டி வந்து நிக்குது. ஊர் பேரச் சொன்னா இவருக்குப் புரிஞ்சிரும், அதனால சொல்லல!"

என்ன சொல்கிறான் என்று கெப்டன் தலையைத் தூக்கிக் கேட்டார். கிராணி நினைத்திருந்தால் அந்த இடத்திலேயே எங்களைக் காட்டிக்கொடுத்து அரிசி மூட்டை வாங்கியிருக்கலாம். அந்தப் பயந்தாங்கொள்ளி மனிதர் இடுப்பை வளைத்து ஒரு பெரிய கும்பிடு போட்டார். வலது தோளுக்கு மேலே வரும் என்று சொல்கிறான், என்று மொழிபெயர்த்தார்.

இப்போது சொன்னதை நம்பப் பழகிவிட்ட கெப்டன் வலது பக்கம் எம்பினார். பந்து கம்பத்துக்கு மேலே, பேக்டரிப் புகைக்கூண்டு உயரத்துக்கு எழும்பி, பள்ளத்துக்குள் போய் மறைந்தது.

ஒரு பந்தை அவ்வளவு அக்கறையாக யாரும் தேடியிருக்க முடியாது! ஆட்டக்காரர்கள் ஓடினோம். வேடிக்கை பார்த்தவர்கள் ஓடினார்கள். முட்டுவலி என்று மாதக்கணக்கில் வேலைக்கு வராத மண்டோர், அதாவது எங்கள் மேஸ்திரி, எனக்கு முன்னால் ஓடினார். சிப்பாய்கள் சிரித்துக்கொண்டு பார்த்தார்கள். "இங்க இல்லடா, கீழே பாரு!" "இன்னும் கீழே!" என்று கத்திக்கொண்டே இறங்கினோம். கேமரன் மலை மூடுபனி ஒருநாளும் எங்களுக்கு நல்லது செய்ததில்லை. அன்றைக்கு வேலைக்காரன் மாதிரி வந்து பள்ளத்தை மூடிவிட்டது. தேயிலை முடிந்து காடு வந்தது. நாங்கள் நிற்கவில்லை. நான் லெம்பா பெர்த்தாம் என்ற ஊரில் ஒரு சீனர் காய்கறித் தோட்டத்துக் குடிசையில் போய் விழுந்தேன். சில வாரம் கழித்து, லோரிகள் போய்விட்டன என்று தெரிந்த பிறகுதான் திரும்பினேன்.

மீதியை அஞ்சலை அக்கா சொன்னார். பந்தும் வரவில்லை, போனவனும் வரவில்லை என்றதும், சொல்லியடியைக் கோல் கம்பத்தில் கட்டிப்போட்டார்களாம். "பக்கேரோ!" என்று அவர்கள் மொழியில் திட்டி அறை மேல் அறை. இவ்வளவு குறி பார்த்து அடிக்கிறவன் எப்படித் தவறவிட்டாய் என்று கெப்டன் கேட்டாராம்.

கிராணி மறுபடி கும்பிட்டிருக்கிறார். "இவன் பைத்தியம் ஐயா. செடியோட பேசறவன். அதான் குறி தப்பிருச்சு" என்று சொல்லிவிட்டு, கடமை தவறாமல் அதைத் தமிழிலும் சொல்லியிருக்கிறார்.

அவ்வளவுதான். அறைக்கெல்லாம் வாயைத் திறக்காத சொல்லியடி கொதித்துவிட்டார்.

"யாருக்குடா குறி தப்புச்சு? கம்பத்துக்கு மேல, பள்ளத்துலன்னு சொன்னேன். போச்சா இல்லியா? அஞ்சல, நீயே சொல்லு! போச்சா இல்லியா?"

"போச்சு சாமி, போச்சு! வாய மூடு!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழ, வீங்கிய கன்னத்தோடு இவர் கட்டை அறுத்துக்கொண்டு கிராணி மேல் பாயப் பார்க்க, கெப்டன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாராம். பிறகு கையுறையைக் கழற்றினாராம். பைத்தியம்தான் என்று தீர்மானித்து, அவிழ்த்துவிடச் சொன்னாராம். லோரிகள் கயிறும் மம்முட்டியுமாக, வந்தபடியே காலியாக மலையிறங்கின.

மற்ற தோட்டங்களில் ஏறிப் போனவர்கள் பலர் திரும்பி வரவேயில்லை. எங்கள் தோட்டத்தில், அந்த ஞாயிற்றுக்கிழமை, ஒருவர்கூடப் போகவில்லை.

சண்டை முடிந்தது. துரை திரும்பி வந்தார். சொல்லியடியைக் கீழே தாப்பா டவுனில் ஒரு பெரிய குழுவில் ஆடக் கூட்டிப்போனார்கள். பூட்ஸ் கொடுத்தார்கள் என்ற கோபத்தில் மறுநாளே மலையேறி வந்துவிட்டார். கிராணியோடு மட்டும் வெகுநாள் பேச்சுவார்த்தை இல்லை. கள்ளுக்கடையில் எவனாவது விளையாட்டாக, "என்ன இருந்தாலும் ஒரு பந்து தவறிப்போச்சுல்ல அண்ணே?" என்றால் தீர்ந்தது. அவனைக் கையைப் பிடித்துத் திடலுக்கே இழுத்துப் போய், பந்து விழுந்த இடத்தைக் காட்டி, ஒப்புக்கொள்ளும் வரை விடமாட்டார்.

போன மாதம் ரிங்லெட் வீட்டு வாசலில் ரோடு வரை ஆட்கள். பள்ளத்தில் இறங்கி ஓடியவர்களில் மிச்சம் இருந்த கிழவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரன் பேத்திகள், கைக்குழந்தைகள். என் குடும்பத்துக் கணக்கில் மட்டும் ஒரு வேன் நிறைய வந்திருந்தோம். எல்லாரும் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள். நான் கால்மாட்டில் போய் நின்றேன். வேட்டி கொஞ்சம் ஏறியிருந்தது. வெளியே நல்ல பனி. தோளில் கிடந்த கம்பளித் துண்டை எடுத்து, அந்த இரண்டு பாதங்களையும் இழுத்து மூடிவிட்டு வந்தேன்.