வத்தக்குழம்புக்கு வந்த பூனைகள்

சமைக்கவே தெரியாதவனை நம்பலாம். ஒரே ஒரு குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டவனை மட்டும் நம்பக் கூடாது. என் கல்யாணப் பேச்சு நடந்த சமயத்தில் அந்த இரண்டாவது ஆள் நான்தான்.

எல்லாம் சுபாவுக்காக. இருவருக்கும் எண்ணூரில் ஒரே அலுவலகத்தில் வேலை. அவள் வீட்டில் வெங்காயமும் பூண்டும் வாசற்படி தாண்டாது. எங்கள் வீட்டிலோ மீன் வராத நாள் கிடையாது. அப்பா படகில் போகிறவர், அம்மாவுக்குக் காசிமேட்டில் மீன் வியாபாரம். சுபாவின் அப்பா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். நான் அதோடு விட்டிருக்கலாம். மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும், வெங்காயம் பூண்டு இல்லாமல் நானே சமைப்பேன் என்று சொல்லிவிட்டேன். (வாய் சும்மா இருந்தால்தானே!)

சுபா போனில் சொல்லச் சொல்ல, வத்தக்குழம்புப் பயிற்சி ஆரம்பமானது. எங்கள் வீட்டுச் சமையலுக்கு வெங்காயம்தான் கடிகாரம். அது சிவந்தால் தக்காளி, தக்காளி குழைந்தால் மிளகாய்த்தூள். வெங்காயம் இல்லை என்றதும் எப்போது எதைப் போடுவது என்று தெரியாமல் கரண்டியோடு திருதிருவென விழித்தேன். அதற்குள் சுண்டைக்காய் வற்றல் கரியாகிவிட்டது. அப்பா எட்டிப் பார்த்து, "இன்னாடா நைனா, டயர் எரியற வாட வருது?" என்று விசாரித்துவிட்டு, பரோட்டா கடைக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் எப்படியோ தேறிவிட்டேன். வண்ணாரப்பேட்டைக்குப் போய்ப் புதுப் பாத்திரங்கள் வாங்கிவந்தேன். கருவாட்டு டப்பா, பூண்டுக் கூடை, மீன் அரிகிற அரிவாள்மணை எல்லாவற்றையும் பெரியம்மா வீட்டுக்கு நாடு கடத்தினேன். அடுப்பைத் தேய்த்த தேய்ப்பில் அதன்மேல் இருந்த கம்பெனிப் பெயரே அழிந்துபோனது. ஞாயிறு காலை வைத்த குழம்பில் ஒரு சொட்டை நாக்கில் விட்டுப் பார்த்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது. அந்த மரியாதையோடு குளிக்கப் போனேன்.

சுபாவும் அவள் அப்பாவும் வந்தார்கள். இலை போட்டு, சோறு வைத்து, குழம்பை ஊற்றினேன். வாசலுக்கு எதிரே மதில்மேல் ஒரு பூனை வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் மதிலில் இடம் போதவில்லை. எங்கள் தெருவில் இத்தனை பூனைகள் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கொழுத்த கறுப்புப் பூனை ஒன்று விறுவிறுவென உள்ளே வந்து சுபாவின் அப்பா இலைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டது.

பிசைந்த சோற்றோடு அவர் கை நின்றது. "தம்பி, பூனை வத்தக்குழம்புக்கு வருமா?"

"பெருங்காயம் சார். பெருங்காய வாசனைன்னா பூனைக்கு உசிரு."

(பெருங்காயத்தின் மேல் இதுவரை யாரும் இப்படி ஒரு பழியைப் போட்டிருக்க மாட்டார்கள்.) பாவம், அவர் அதையும் நம்பிக் கவளத்தைத் தூக்கினார். அப்போதுதான் அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து இலைக்குக் குறுக்கே கையை நீட்டினாள்.

"வாயில வெக்காதீங்க சார். அத்த நம்ம மீன் சட்டிலதான் கொதிக்க வுட்டேன்."

நடந்தது இதுதான். நான் குளிக்கப் போன நேரத்தில் அம்மா குழம்பை ருசி பார்த்திருக்கிறாள். பிள்ளை இவ்வளவு பாடுபட்டு வைத்தது எவர்சில்வர் பாத்திரத்தில் ருசி ஏறாமல் கிடக்கிறதே என்று மனசு கேட்கவில்லை. தன் மண்சட்டியில் ஊற்றி ஒரு கொதி விட்டு, திரும்பவும் புதுப் பாத்திரத்துக்கே மாற்றிவிட்டாள். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து மீன் குழம்பு மட்டுமே கொதித்த சட்டி அது; நாடு கடத்தும்போது என் கண்ணில் படாமல் தப்பிவிட்டது. "நல்லாத்தான் கழுவனேன் சார். பூனைங்கள பாத்தப்பறம்தான் எனக்கே மண்டைல ஒறைச்சுது" என்றபோது அம்மாவுக்குக் குரல் உடைந்துவிட்டது.

கல்யாணம் கடலோடு போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். சுபா தலையைக் குனிந்திருந்தாள், தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறினேன். அந்தப் பாவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் அப்பா எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். வேறு இலை கேட்டார். அம்மா தயிர் பாக்கெட்டை அவர் கண்ணெதிரிலேயே பிரித்து ஊற்ற, நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். கிளம்பும்போது சுபாவிடம் சொன்னார்: "அந்தம்மா சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. இந்த வீட்டுல நீ தைரியமா இருக்கலாம்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க மட்டும் இனிமே பெருங்காயத்தைப் பத்திப் பேசாதீங்க" என்றார்.

இப்போதும் மாமனார் வந்தால் முதலில் மதிலைத்தான் பார்ப்பார். பூனை இல்லை என்றால் உட்காருவார். அவருக்கென்று அம்மா ஒரு தனிப் பாத்திரம் வைத்திருக்கிறாள், அதை நான் தொட்டால்கூடச் சண்டைக்கு வருவாள். சட்டியில் மீன் குழம்பு வழக்கம்போலக் கொதிக்கிறது.

எனக்குத்தான் விடிவே இல்லை. போன வாரம் வீட்டுக்கு நேரம் கழித்து வந்தேன். எர்ணாவூரில் லாரி நெரிசல், அதனால்தான் என்று சுபாவிடம் ஆரம்பித்தேன். அவள் எட்டி மதிலைப் பார்த்தாள். சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "மியாவ்."