மூணாம் நம்பர் மெஷினை மாற்றலாமா?

மனிதர்களில் ‘பழசா புதுசா’ பேர்வழி என்று ஒரு வகை உண்டு. அபூர்வமான வகை இல்லை, தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். இவரிடம் ஏதாவது ஒரு பொருள் இருக்கும். ரேடியோவோ, சைக்கிளோ, கைக்கடிகாரமோ. அது கெட்டுப்போனதும் இல்லை, நன்றாக இருப்பதும் இல்லை. தலையில் தட்டினால் பாடும், உதைத்தால் நகரும், காதோரம் வைத்துக் குலுக்கினால் மணி காட்டும். அதைப் பழுது பார்ப்பதா, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதா என்று இவர் யோசித்துக்கொண்டிருப்பார். எப்போதிலிருந்து யோசிக்கிறார்? வாங்கிய மறுநாளிலிருந்தே என்று அவர் மனைவி சொல்லுவாள்.

இவரைக் கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சனுக்கு முடிவெடுப்பதில் சிரமமே கிடையாது, ‘வேண்டாம்’ என்பதுதான் அவன் முடிவு. நம்மவர் தாராளமானவர். புதிது வாங்க வசதி உண்டு, ஆசையும் உண்டு. பழசின் மேல் பிரியமும் உண்டு. இவை எல்லாம் ஒரே ஆளிடம் போய்ச் சேர்ந்தால் அவர் என்னதான் செய்வார், பாவம்!

இந்த வகைக்குத் தலைவர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுப்பதானால் நான் கொடைக்கானல் அடைக்கலம் சாருக்குத்தான் ஓட்டுப் போடுவேன். எழுபதுகளின் கடைசியில், அந்த ஊர் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பேக்கரியின் மாடியில் அவர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திவந்தார். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை “அடுத்து என்ன?” என்று கேட்டால் “டைப் போறேன்” என்று பதில் வந்த காலம் அது. கீழே பன் வேகும் வாசனையும் மேலே தடதடவென்ற சத்தமுமாக அந்தக் கட்டடம் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஜோராக இருக்கும்.

அவரிடம் மெஷின்கள் மூன்று. முதலாம் நம்பர், தமிழ் மெஷின். மற்ற இரண்டும் ஆங்கிலம். இரண்டாம் நம்பர் நன்றாக ஓடியது. மூணாம் நம்பர் யோசித்து யோசித்து ஓடியது. விசையை அழுத்தினால் எழுத்து மேலே போகும், தாளைத் தொடும், அங்கேயே சற்று நின்று நாலு பக்கமும் பார்க்கும், பிறகு மனசில்லாமல் இறங்கி வரும். அதற்குள் அடுத்த எழுத்து போய் முட்டிக்கொள்ளும். முதலாளி எப்படியோ அப்படித்தானே மெஷினும் இருக்கும் என்று மாணவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

அடைக்கலம் சார் சும்மா இருந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் விசாரித்தார். தபாலாபீஸில் விசாரித்தார். பூசை முடிந்து வெளியே வருகிறவர்களைக் கோயில் வாசலிலேயே நிறுத்தி விசாரித்தார். மன்னவனூரிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டையோடு வந்திறங்கியவரை, அவர் வாழ்நாளில் டைப்ரைட்டரைத் தொட்டதில்லை என்று தெரிந்தும், மூட்டையை இறக்கவிடாமல் விசாரித்தார். எல்லோரும் யோசனை சொன்னார்கள். எல்லா யோசனையையும் அவர் ஒப்புக்கொண்டார். அதில்தான் சங்கடமே.

“என்ன சார், மெஷினை மாத்தப் போறீங்களாமே?”

“மாத்தணுந்தான். ஆனா அந்தக் காலத்து இரும்பு பாருங்க. இப்ப வர்றதெல்லாம் வெறும் தகரம்.”

“அப்ப இதையே ரிப்பேர் பாத்துருங்க.”

“பாக்கலாந்தான். ஆனா எத்தன நாளைக்குத்தான் இதையே கட்டி அழுகுறது?”

கேட்டவர் என்ன பதில் சொல்லுவார்? “வர்றேன் சார்” என்பார்.

கடைசியில் ஒருநாள் அடைக்கலம் சார் மெஷினைச் சாக்கில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் பழனிக்குப் போய், அடிவாரத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த மெக்கானிக் மயில்சாமியிடம் காட்டினார். மயில்சாமி நாலு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, “காஞ்சு கெடக்குங்க. எண்ணெய் விடுங்க, போதும்” என்றார்.

எண்ணெய்! இதைவிடச் சுலபமான வைத்தியம் உண்டா? உங்களுக்கும் எனக்கும் சுலபம். அடைக்கலம் சாருக்கு அது புதிய பிரச்சினை. எந்த எண்ணெய்? தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய் நல்லது என்றார் ஒருவர். அது தூசி பிடிக்கும், மண்ணெண்ணெயால் துடைத்தால் போதும் என்றார் இன்னொருவர். மதுரையில் டைப்ரைட்டருக்கென்றே தனி எண்ணெய் விற்கிறது என்றார் மூன்றாமவர். ஆழ்ந்து யோசித்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் என்பதால், அதுவரைக்கும் தற்காலிக ஏற்பாடாக, மனைவி சூசையம்மாள் தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயை எடுத்து மெஷினுக்கு விட்டார்.

இந்த வகை மனிதர்களின் அகராதியில் ‘தற்காலிகம்’ என்றால் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

கொடைக்கானலில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் எந்த நிலையில் இருக்கும் என்பதை அங்கே தலை வாருகிற எவரும் சொல்லுவார்கள். வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கும். அடுப்போரம் வைத்து உருக்காமல் ஒரு சொட்டு வராது. அடைக்கலம் சாரும் ஒவ்வொரு சனிக்கிழமையும் பாட்டிலை அடுப்போரம் வைத்து, பக்குவமாக உருக்கி, சூடு ஆறுவதற்குள் மாடிக்கு ஓடி, மெஷினுக்கு விட்டார். தன் கையாலேயே உருக்கி ஊற்றினார், ஐயா! மெஷின் கால் மணி நேரம் பிரமாதமாக ஓடும். பிறகு உள்ளேயே உறைந்து, முன்னைவிட மோசமாக நின்றுவிடும். இதிலிருந்து அவர் என்ன புரிந்துகொண்டார்? எண்ணெய் போதவில்லை என்று புரிந்துகொண்டார்.

நிலைமை முற்றியதும் மறுபடி பழனி. பஸ் மலை இறங்க இறங்க வெயில் ஏற, மயில்சாமி கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மெஷின் தண்ணீராக ஓடியது.

“நல்லாத்தான இருக்கு? இதுக்கா மெனக்கெட்டுத் தூக்கிட்டு வந்தீங்க?” என்று சிரித்தார் மயில்சாமி.

அடைக்கலம் சார் வெட்கப்பட்டு மலையேறினார். மாடிக்குக் கொண்டுவந்து வைத்தார். மெஷின் நின்றது. இனி அவர் எப்படி முடிவெடுப்பார்? கோளாறே இல்லாத மெஷினை எப்படிப் பழுது பார்ப்பது? ஓடாத மெஷினை எப்படி வைத்துக்கொள்வது? “ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு” என்றார் சூசையம்மாளிடம். அந்த அம்மாள் தன் எண்ணெய் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கி, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

இதெல்லாம் வேடிக்கைதான், ஜோசப்பினைத் தவிர மற்றவர்களுக்கு. ஜோசப்பின் வில்பட்டிப் பெண். விடியும்முன் எழுந்து, பனிக்கட்டியாகக் குளிரும் தண்ணீரில் காரட் கழுவிக் கொடுத்துவிட்டு, விறைத்த விரல்களோடு டவுனுக்கு வந்து டைப் பழகினாள். ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து ஆபீஸில் குமாஸ்தா வேலை காலியாக இருந்தது. “பாஸ் பண்ணிட்டு வாம்மா, எடுத்துக்கிறோம்” என்று அங்கிருந்த சிஸ்டர் சொல்லியிருந்தார். பாஸ் செய்தால் ஆபீஸ் நாற்காலி, இல்லாவிட்டால் ஆயுசு முழுக்கக் காரட். இரண்டாம் நம்பர் மெஷினை இன்னொரு பெண் பிடித்துக்கொண்டாள். ஜோசப்பினுக்கு வாய்த்தது மூணாம் நம்பர். அந்த நாளில் பரீட்சை எழுதப் போகிறவர்கள் பழகிய மெஷினையும் கூடவே தூக்கிப் போக வேண்டும் என்பது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும்.

“சார், பரீட்சை நெருங்கிருச்சு. வெரசா ஒரு முடிவு சொல்லுங்க சார். எம்புட்டுக் குத்துனாலும் இது நகர மாட்டேங்குது.”

“அவசரப்படக் கூடாதும்மா. அடுத்த மாசம் புது மாடல் வருதாம். விசாரிச்சுக்கிட்டு இருக்கேன்.”

ஜோசப்பினுக்கு அழுகை அழுகையாக வந்தது. அழுது என்ன ஆகும்? ஆத்திரத்தையெல்லாம் விரலில் காட்டி மெஷினைக் குத்தினாள். குத்தக் குத்த அவளுக்கு விரலில் ஒரு வலு வந்தது. வேகம் மட்டும் வரவே இல்லை.

பிப்ரவரியில், மலையெல்லாம் உறைபனி கொட்டிக் கிடந்த ஒரு காலையில், அடைக்கலம் சார் மடியில் மூணாம் நம்பரும் பக்கத்தில் ஜெபமாலையோடு ஜோசப்பினுமாகப் பஸ் பழனிக்குப் புறப்பட்டது. ஸ்வெட்டரோடு ஏறியவள் பாதி வழியிலேயே அதைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டாள். பரீட்சை மண்டபத்துக் கூரை வேறு தகரக் கூரை. மணி அடிப்பதற்கு முன் எல்லோரும் மெஷினைச் சரிபார்த்துக்கொண்டார்கள். ஜோசப்பின் வழக்கம்போல ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். எழுத்து பாய்ந்து போய்த் தாளில் பொத்தல் போட்டுவிட்டு, அவள் விரலை எடுக்கும் முன்பே திரும்பி வந்தது. அடுத்த குத்துக்கு அடுத்த பொத்தல். கூடவே கமகமவென்று ஒரு வாசனை. இரண்டு வருஷத்துத் தேங்காய் எண்ணெய் உருகி, மெஷினின் அடியிலிருந்து மேஜையில் வழிந்துகொண்டிருந்தது.

அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. தினமும் காலையில் வீட்டு அடுப்போரத்தில் பார்க்கிற காட்சிதானே! மடித்து வைத்திருந்த ஸ்வெட்டரால் மெஷினையும் மேஜையையும் அழுந்தத் துடைத்தாள். தாளை மாற்றினாள். மணி அடித்தது. கல்லைக் குத்திப் பழகிய விரல்களை மெதுவாக வைத்து, தொட்டும் தொடாமலும் அடித்தாள். மற்றவர்கள் பாதியில் இருந்தபோது அவள் கடைசி வரியில் இருந்தாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அடைக்கலம் சாருக்குப் பெருமை பிடிபடவில்லை. அவள் வெளியே வந்ததுமே, “பாத்தியாம்மா? நான் அவசரப்பட்டு மாத்திருந்தா என்ன ஆயிருக்கும்? அந்தக் காலத்து இரும்பு!” என்றார்.

“சார், கோச்சுக்காதீங்க. நீங்க விட்டது தேங்கா எண்ணெய். நம்ம ஊரு குளிர்ல அது உறைஞ்சு கெடக்கு. இங்கன உருகி ஓடுது. அம்புட்டுத்தான் சார் சோலி.”

அடைக்கலம் சார் நின்றுவிட்டார். மெஷினைப் பார்த்தார். எண்ணெயில் நனைந்த ஸ்வெட்டரைப் பார்த்தார். வெயிலை அண்ணாந்து பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு தெளிவு வருவதைக் கண்டு ஜோசப்பினும் சந்தோஷப்பட்டாள்.

“அப்ப கோளாறு மெஷின்ல இல்ல. ஊர்லதான் இருக்கு” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஏம்மா, இன்ஸ்டிட்யூட்டையே பழனிக்கு மாத்திரலாமா?” என்றார்.

ஜோசப்பின் முதல் வகுப்பில் தேறினாள், ஆபீஸ் நாற்காலியிலும் உட்கார்ந்தாள். முதல் சம்பளத்தில் அடைக்கலம் சாருக்கு ஒரு பாட்டில் தையல் மெஷின் எண்ணெய் வாங்கிக் கொடுத்தாள். அவர் நெகிழ்ந்துபோனார். அது இன்ஸ்டிட்யூட் அலமாரியில் சீல் உடையாமல் இருந்தது. “உசத்தியான எண்ணெய், அவசரப்பட்டுத் திறந்துறக் கூடாது” என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். சனிக்கிழமைகளில் சூசையம்மாளின் பாட்டிலை அடுப்போரம் உருக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுவதும் நடந்தது. நடுநடுவே பழனிக்குப் போய் வாடகைக்குக் கட்டடம் விசாரித்தார். பழனியில் வெயில் அதிகமோ என்று அவருக்கு ஒரு சந்தேகம்.

நன்றாகச் சிரித்தீர்களா? சந்தோஷம். இப்போது தலையை அப்படியே கொஞ்சம் திருப்பி, உங்கள் வீட்டில் தலையில் தட்டினால் மட்டும் ஓடுகிற அந்தச் சாமானைப் பாருங்கள். ஆமாம், அதையேதான் சொல்கிறேன். இன்றைக்கே ஒரு முடிவெடுத்துவிடுங்கள்.

என்ன, ‘ஞாயிற்றுக்கிழமை ஆகட்டும், பார்க்கலாம்’ என்கிறீர்களா? வணக்கம், அடைக்கலம் சார்!