வாலு, கனெக்டட்

"வாலு, கனெக்டட்" என்றது கார்.

பல் டாக்டர் சாவியைப் பாதி திருப்பிய கையோடு ஸ்டீரியோவை முறைத்தார். வாலு என்பது அவருடைய ஒரே மகள். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள் என்பதால் அவளும் தன் போனுக்கு அதே பெயரை வைத்திருந்தாள். வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அவள் மேல்படிப்புக்கு விமானம் ஏறிப்போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டதே? கடல் தாண்டிப் போனவளின் போன், இவர் வீட்டு வாசலில் நிற்கிற காரில் எப்படி வந்து ஒட்டிக்கொள்ளும்?

ஒட்டிக்கொண்டதோடு விட்டாலும் பரவாயில்லை. தெருமுனையில் திரும்பியதும் அதே பெண்குரல் "வாலு, டிஸ்கனெக்டட்" என்று அறிவிக்கும். அதற்கப்புறம் டாக்டரின் போனைச் சேர்த்துக்கொள் என்றால் மாட்டவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். நீல விளக்கு கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி, போய்விட்ட வாலுவையே க்ளினிக் வரும்வரை தேடிக்கொண்டிருக்கும். ப்ளூடூத் என்று பெயரிலேயே பல்லை வைத்துக்கொண்டு, போயும் போயும் ஒரு பல் டாக்டருக்கு அடங்க மாட்டேன் என்கிறதே என்று அவருக்கு எரிச்சல்.

வெறும் பாட்டுக் கேட்கிற ஆசை என்றால் விட்டுத் தொலைத்திருப்பார். விஷயம் வேறு. இங்கே அவர் க்ளினிக்குக்குக் கார் ஓட்டிப்போகிற நேரம்தான் அங்கே மகள் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப்போகிற நேரம். அப்பாவும் பெண்ணும் பேசிக்கொள்ள நாளில் அந்தக் கொஞ்ச நேரம்தான் வாய்க்கும். க்ளினிக்குக்குள் போய்விட்டால் இரண்டு கையும் யாராவது ஒருவர் வாய்க்குள் இருக்கும். இவர் வீடு திரும்பிக் கையைக் கழுவும்போது அவள் வகுப்பில் இருப்பாள். போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டலாமா என்றால், அப்படி ஓட்டி ஒரு தடவை குப்பைத் தொட்டியில் முட்டி, இனிமேல் செய்ய மாட்டேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. வழியெல்லாம் பாலம், ஓரங்கட்டவும் இடமில்லை. ஆகவே மகள் கூப்பிடுவாள், போன் சட்டைப்பையில் துடிக்கும், டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார்.

அவள் இருந்தவரை கதையே வேறு. காலையில் அவளைக் காலேஜில் இறக்கிவிட்டுத்தான் க்ளினிக். அவள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் "வாலு, கனெக்டட்" என்று குரல் வரும், உடனே அவளுடைய பாட்டுகள் ஆரம்பமாகிவிடும். இதெல்லாம் ஒரு பாட்டா, நான் பல்லைக் குடைகிற மெஷின் இதைவிட நன்றாகப் பாடும் என்று இவர் தினமும் சொல்வார். அவள் தினமும் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டுவாள். ஏர்போர்ட்டில் மனைவி அழுதாள், மகள் அழுதாள். இவர் மட்டும் கல்லுளிமங்கனாக நின்றார். கடைசியில் அவர் வாயிலிருந்து வந்தது "பல்லைப் பாத்துக்கோ" என்ற ஒன்றுதான்.

அதற்கப்புறம் வந்த காலைகளில் டாக்டர் காரில் ஏறுவார், சாவியைப் பாதி திருப்புவார், அப்படியே உட்கார்ந்துவிடுவார். பக்கத்து சீட்டைப் பார்ப்பார். நேரம் போவது தெரியாது. க்ளினிக்கில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு டாக்டரைத் தேடிப்போனார்கள். ஒருநாள் மனைவி வாசலுக்கு வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டபோது, இன்ஜின் சூடாகட்டும் என்றார்.

"ஸ்டார்ட் பண்ணினாத்தாங்க சூடாகும்" என்றாள் மனைவி. அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டாள்.

அப்படி உட்கார்ந்திருந்த இன்னொரு காலையில்தான் கார் திடீரென்று மகள் பெயரைச் சொன்னது. டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. யாரும் பார்க்கவுமில்லை என்ற தைரியத்தில் தன்னை மறந்து சிரித்தார், சிரித்த கையோடு காரையும் எடுத்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் இதே கூத்துதான். பெயரைக் கேட்டதும் மனசு குளிரும், பாலம் ஏறியதும் வயிறு எரியும்.

முதலில் மனைவியிடம் விசாரித்தார். மகள் புதுப் போன் வாங்கிக்கொண்டுதானே போனாள், பழையது எங்கே என்றார். அது சார்ஜ் ஏறாமல் எப்போதோ செத்துப்போயிற்று, எந்த டிராயரில் கிடக்கிறதோ என்று அடுப்பைப் பார்த்தபடியே மனைவி சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னைக்கும் பேர் சொல்லிச்சா?" என்று கேட்டாள். சொல்லித் தொலைத்தது என்றார் டாக்டர்.

பழைய போன் இல்லையென்றால் புதுப் போன். அதற்கும் வாலு என்றுதான் பெயர். புதுப் போன் இந்தத் தெருவில் இருக்கிறதென்றால்? சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாள். யாரோ தோழி வீட்டில் தங்கிக்கொண்டு, என்றைக்காவது கதவைத் தட்டி அலறவைக்கப் போகிறாள். சின்ன வயதில் அலமாரிக்குள் ஒளிந்துகொண்டு வீட்டையே தேடவைத்தவள்தானே, செய்யக்கூடியவள்தான்.

அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. மகளின் அறையில் எரியாமல் கிடந்த விளக்கை மாற்றினார். தெருவில் காரை நடைவேகத்தில் ஓட்டி ஒவ்வொரு கேட்டாக எட்டிப் பார்த்தார். முதுகு தெரிய நின்ற ஒரு பெண்ணை நோக்கிக் கண்ணாடியை இறக்கி "ஏய் வாலு" என்று கூப்பிட்டும் விட்டார். திரும்பிப் பார்த்தவர் வங்கி மேனேஜர் அம்மாள். பல் க்ளீன் பண்ண அடுத்த வாரம் வருவதாக இருந்தவர், அதற்கப்புறம் வரவேயில்லை.

எதிர்வீட்டு மாடியில் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் இருந்தார். காலையில் பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது அவர் வேலை. அவர் அந்த நாட்களில் டாக்டரைப் பார்த்து, மேலே, மேலே என்று கையைக் காட்டினார். டாக்டர் வானத்தைப் பார்த்தார். ஒரு துண்டு மேகம்கூட இல்லை. இருந்தாலும் பெரியவர் சும்மா சொல்லமாட்டார் என்று மறுநாளிலிருந்து காரில் ஒரு குடையை வைத்துக்கொண்டார்.

அந்த வாத்தியாருக்குக் கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் நடந்துகொண்டிருந்தது. டாக்டரின் நாற்காலியில் சாய்ந்துவிட்டவர்களுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. வாயைத் திறந்தே வைத்திருக்க வேண்டும், ஆனால் பேச முடியாது. இதைவிட நல்ல சபை டாக்டருக்கு எங்கே கிடைக்கும்? வாத்தியாரின் வாயில் பஞ்சை அடைத்துவிட்டு, கார் மகள் பெயர் சொல்வதை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். வாத்தியார் கண்களை உருட்டி "ஆ... ஆ..." என்றார். வலிக்கிறது போலிருக்கிறது என்று டாக்டர் இன்னொரு மரத்துப்போகிற ஊசி போட்டார். அடுத்த தடவை வந்தபோதும் அதே கதை, அதே ஆ, அதே ஊசி. வெளியே போகும்போது வாத்தியாரின் நாக்கு அவர் பேச்சையே கேட்கவில்லை. வாய் கோணிக்கொண்டு ஏதோ சொல்ல முயன்றவரைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டு, டாக்டர் அடுத்தவர் வாயைப் பார்க்கப் போய்விட்டார்.

லீவு நாளில் மகள் அம்மாவிடம் பேசும்போது போனைப் பிடுங்கி, உண்மையைச் சொல், இப்போது எங்கே இருக்கிறாய் என்று கேட்டார் டாக்டர். அவள் ஒன்றும் புரியாமல் ஜன்னலுக்கு வெளியே ஒரு படம் எடுத்து அனுப்பினாள். இலை உதிர்ந்த மரங்கள், வேற்று நாட்டுக் கூரைகள். டாக்டர் ரொம்ப நேரம் அந்தப் படத்தைப் பார்த்தார். பிறகு போய் அவள் அறையின் புது விளக்கை அணைத்துவிட்டு வந்தார்.

வந்திருக்கவில்லை. சரி, வராவிட்டால் போகட்டும், குரலாவது வேண்டும். காரை ஸ்டீரியோ கடைக்கு ஓட்டினார்.

கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் நோயைச் சொல்லிவிட்டார். இது பழைய மாடல், முதலில் பழகிய போனை மறக்காது. அந்தப் பெயரை மெமரியிலிருந்து அழித்துவிட்டால் டாக்டர் போன் தானாக ஒட்டிக்கொள்ளும்.

"அழிக்கறதா?" என்றார் டாக்டர். "அழிக்காம ஏதாவது வழி பண்ணுங்க."

"ஒண்ணு அந்தப் பேர், இல்லேன்னா உங்க போன். ரெண்டும் வேணும்னா எப்படி சார்?"

டாக்டர் ரெண்டும் வேண்டும் என்கிற கட்சி. அவரே வண்டியில் உட்கார்ந்து இந்தப் பட்டனை அமுக்கி, அந்தப் பட்டனைத் திருகி, கடைசியில் பேனா முனையால் ஒரு ஓட்டையைக் குத்தினார். பல்லில் ஓட்டை என்றால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியும். இந்த ஓட்டை அப்படியில்லை. மறுநாள் காலையில் அந்தப் பெண்குரல் தெருவே அதிரும்படி "வாலு" என்று கத்திவிட்டு, எந்த நாட்டு பாஷையிலோ நீளமாக எதையோ சொன்னது. கேட்டால் திட்டுகிற மாதிரியே இருந்தது. பாஷையையும் மாற்ற முடியவில்லை, சத்தத்தையும் குறைக்க முடியவில்லை.

ஸ்டீரியோவை விட்டுவிட்டுப் போனில் கைவைத்தார். சிக்னலில் நின்றபோதும், க்ளினிக் வாசலில் நிறுத்தியபோதும், திரையில் தெரிந்த பெயர்களையெல்லாம் ஒன்றுவிடாமல் தட்டினார். எதுவோ ஒன்று ஒட்டிக்கொண்டது. ஆனால் காரில் சத்தமே இல்லை. அலுத்துப்போய் உள்ளே நுழைந்து, கோட்டை மாட்டி, முதல் ஆளின் வாயில் கையை வைத்தார். மேஜைமேல் போன் அடித்தது, பார்த்தால், இன்னும் தூங்கப் போகாத மகள். விட மனசு வராமல் முழங்கையால் தட்டினார். போனில் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே நோயாளிகள் உட்கார்ந்திருந்த கூடத்தில், மெல்லிசை வருவதற்காக மாட்டியிருந்த ஸ்பீக்கரில் கேட்டது.

"அப்பா, சாப்பிட்டியா? சட்டைப் பட்டனை இன்னைக்காவது ஒழுங்கா போட்டியா, இல்ல ஒண்ணு மேல ஒண்ணு கீழயா? நான் இல்லாம யாருப்பா உனக்குப் பாத்துச் சொல்றது?"

டாக்டர் வெளியே ஓடிவந்தார். கூடம் முழுக்க அவர் சட்டையைப் பார்த்தது. பட்டன் ஒன்று மேலே, ஒன்று கீழே. ஒருவரும் சிரிக்கவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ரிசப்ஷன் பெண் தலையைக் குனிந்துகொண்டு ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினாள்.

மறுநாளும், அதற்கு மறுநாளும் அவர் பாலத்தில் இருக்கும்போது போன் துடித்து அடங்கியது. மூன்றாம் நாள் ஒரு குரல்பதிவு வந்திருந்தது. க்ளினிக் வாசலில் காரை நிறுத்திக் கேட்டார்.

"நீ எடுக்கவே மாட்டேங்கறப்பா. கண் சொக்குது, இருந்தாலும் முழிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். நீ பிஸின்னா சொல்லிடு, நான் தூங்கப் போயிடறேன்."

டாக்டர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். அன்று சாயங்காலமே ஸ்டீரியோ கடைக்குப் போனார். பாஷை சரியாயிற்று. சத்தம் மட்டும் சரியாகவில்லை, அது குத்தின குத்தில் போனது போனதுதான் என்றார் கடைக்காரர். கடைசியாகத் திரையில் வந்தது: வாலு, அழிக்கவா? கடைக்காரர் விரலை நீட்டியபோது டாக்டர் தடுத்தார். தானே அமுக்குகிறேன் என்றார். எத்தனையோ பல்லைப் பிடுங்கிய கையால் அதையும் பிடுங்கினார்.

மறுநாள் காலை காரில் ஏறி, சாவியைப் பாதி திருப்பினார். "டாக்டர், கனெக்டட்" என்று தெருவுக்கே அறிவித்தது குரல். அவருக்கு என்னமோ வேறு யாருடைய காரிலோ ஏறி உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. பக்கத்து சீட்டைப் பார்த்தார். பழையபடி அப்படியே உட்கார்ந்துவிடுவோம் என்று பயந்து, அவசரமாக வண்டியை எடுத்தார்.

பாலத்தில் ஏறியதும் மகள் வந்தாள். நாலு பக்கத்திலிருந்தும் அவள் குரல். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியே இருந்தது. ஏர்போர்ட்டில் சொல்லாமல் விட்டதைச் சொன்னார்.

"நீ இல்லாம ஒண்ணும் நல்லா இல்லடா."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அம்மா எப்படிப்பா இருக்கா?" என்றாள்.

அம்மாவுக்கென்ன, அவள் திடமான ஆள், நன்றாகத்தான் இருக்கிறாள் என்றார் டாக்டர். மனைவியை நன்றாகப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அப்போது அவர் யோசிக்கவில்லை.

க்ளினிக்கில் முதல் ஆள் எதிர்வீட்டு வாத்தியார். இன்று ரூட் கெனால் முடிந்து பல்லுக்குத் தொப்பி மாட்டுகிற நாள். டாக்டர் சந்தோஷத்தில் வாய் ஓயாமல் பேசினார். பெயரை அழித்துவிட்டேன், மகள் குரல் காரில் வந்துவிட்டது, பேயும் போயிற்று பிசாசும் போயிற்று, கடைசிவரை அந்த வாலு எங்கிருந்து வந்தது என்பதுதான் தெரியவில்லை என்றார். வாத்தியார் காலை உதைத்து "ஆ... ஆ..." என்றார். இன்றைக்கு ஊசிக்கு வேலையில்லை. டாக்டர் பஞ்சை எடுத்தார், நாற்காலியை நிமிர்த்தினார், வாயைக் கொப்பளிக்கச் சொன்னார்.

வாத்தியார் கொப்பளித்தார், துடைத்துக்கொண்டார், தாடையை ஒருமுறை மூடித் திறந்து பார்த்துக்கொண்டார்.

"இத்தனை வாரமா இதைத்தான் சொல்ல வர்றேன், நீங்க என் வாயை மூட விட்டாத்தானே டாக்டர்? அந்தப் பேரைக் கேட்டாத்தான் நீங்க காரை எடுக்கறீங்கன்னு, உங்க வீட்டம்மாதான் பொண்ணோட பழைய போனுக்கு உசிர் குடுத்து வாங்கிட்டு வந்து, தினமும் மாடி ஜன்னல்ல பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. இன்னைக்கு கார் அந்தப் பேரைச் சொல்லலேன்னதும், உங்க கார் தெருமுனை தாண்டினப்புறமும் அந்தப் போனை மேல, இன்னும் மேலன்னு தூக்கிக் காட்டிக்கிட்டே இருந்தாங்க."